‘நோர்மல்’ என்று எழுதினேன்

“தம்பி இல்லாட்டி நான் இண்டைக்கு இல்லை.” வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் அக்கா இதைச் சொல்கிறார். சில சொற்கள் இப்போது அவருக்கு உடனே வாய்க்கு வருவதில்லை. தேத்தண்ணி என்று சொல்ல வந்து, கோப்பையைத் தொட்டுக் காட்டிவிட்டு நிற்பார். இந்த வசனம் மட்டும் ஓரிடமும் தடக்காமல் வருகிறது. கேட்டவர்கள் என் பக்கம் திரும்புவார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அடக்கமான ஆள் என்று நினைத்துக்கொண்டு போவார்கள்.

2022 யூலையில் ஐந்து நாட்கள் அக்காவின் நினைவில் இல்லை. கிணற்றடியில் தலையிடி தொடங்கிய காலை, அதற்குப் பின் வந்த நாட்கள், அம்புலன்ஸ், சத்திரசிகிச்சை, எல்லாமே அழிந்துபோய்விட்டன. அந்த நாட்களில் அவர் என்னிடம் என்னென்ன சொன்னார், நான் என்ன மறுமொழி சொன்னேன் என்பது முழுதாக எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். மூன்று வருடத்துக்கு மேலாக அதை வாய்க்குள் வைத்துக்கொண்டு அவருடைய நன்றியை வாங்கிக்கொண்டிருக்கிறேன். இனி முடியாது.

உப்புவெளியில் நான் சிறிய இரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்று நடத்துகிறேன். இருபத்தைந்து வருடமாக ஊசியும் ரியூப்பும்தான் என் சோறு. அலஸ்தோட்டத்து ஆட்கள், கரைவலை இழுக்கிறவர்கள், கடற்கரை விடுதிகளில் வேலை செய்கிற பொடியன்கள், நிலாவெளிப் பக்கத்துக் கிழவிகள் என்று பலபேர் டொக்டரிடம் போவதற்கு முதல் என்னிடம்தான் வருவார்கள். “இரத்தத்தை ஒருக்கா பாத்திட்டுச் சொல்லு தம்பி” என்பார்கள். பார்த்துச் சொல்வேன். அது என் வேலை இல்லை. அச்சடித்த தாளைக் கையில் கொடுப்பதுதான் என் வேலை. அதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது டொக்டரின் வேலை. ஆனாலும் சொல்வேன். கேட்கிற முகம் தெளிவதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு ருசி இருந்தது.

அந்த ருசியைப் பெரிதாக்கியது ட்ரோபொனின். இதயத் தசை பழுதானால் இரத்தத்தில் கசிகிற புரதம் அது. நெஞ்செரிவு என்று சோடா குடித்துக்கொண்டு வந்த மீனவர் ஒருவருக்கு, மனம் கேட்காமல் அந்தச் சோதனையைச் செய்தேன். சோதனைப் பட்டையில் இரண்டாவது கோடு மெல்ல எழும்பி வந்தது. அப்படியே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அவர் பிழைத்தார். பிறகு வீட்டுக்கு ஒரு பாரைமீன் வந்தது. அன்றிலிருந்து “இரத்தம் பொய் சொல்லாது” என்பதை நான் ஒரு மந்திரம் மாதிரிச் சொல்லத் தொடங்கினேன். இதயத்துக்கு ட்ரோபொனின் வந்தது போல மூளைக்கும் ஒன்று வரும், ஒரு துளி இரத்தத்தில் எல்லாம் தெரியும் காலம் வரும் என்று, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த யூலை எப்படி இருந்தது என்று இலங்கையில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பெற்றோல் வரிசை நாட்கணக்கில் நின்றது. சீனன்குடாவில் அத்தனை எண்ணெய்த் தாங்கிகள் நிற்கிற மாவட்டத்தில், மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்தன. கறன்ட் போய்ப் போய் வந்தது. மருந்துக் கடைகளில் பிரஷர்க் குளிசை கிடைப்பதும் கஷ்டம். அக்கா இருந்ததைப் பாதி பாதியாக உடைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அத்தான் கட்டாரில். மகள் பேராதனையில் படித்துக்கொண்டிருந்தாள். அக்கா தனியே, அடுத்த வளவில் நான்.

கறன்ட் இல்லாததால் மோட்டர் ஓடவில்லை. காலை ஏழு மணிக்கு அக்கா வாளியால் தண்ணீர் அள்ளியிருக்கிறார். கயிற்றை இழுத்துக்கொண்டிருந்த அந்தக் கணத்தில் பின்மண்டையில் ஆரோ கட்டையால் அடித்தது போல இருந்ததாம். உண்மையிலேயே ஆள் நிற்கிறதோ என்று திரும்பிப் பார்த்தாராம். நான் போனபோது கிணற்றுக் கட்டில் பிடரியைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தார். வாளி உள்ளே விழுந்து கிடந்தது. இரண்டு தரம் சத்தி எடுத்திருந்தார்.

“இப்பிடி ஒரு தலையிடி எனக்குச் சீவியத்தில வரேல்லையடா தம்பி.”

இந்த ஒரு வசனம் போதும். மருத்துவம் படிக்கிற பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுக்கிற வசனங்களில் இது ஒன்று. சீவியத்தில் வராத தலையிடி, திடீரென்று உச்சத்தில் வந்தால், வேறு எதையும் யோசிக்கும் முன் மூளையைச் சுற்றி இரத்தம் கசிந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பார்ப்பதற்கு வழி சீ.ரீ. ஸ்கான். முதல் ஆறு மணித்தியாலத்துக்குள் எடுத்தால் கசிவு அநேகமாகத் தப்பாது. நேரம் கடந்தால், முள்ளந்தண்டிலிருந்து நீர் எடுத்துப் பார்ப்பார்கள்.

அந்த நீரை நான் பார்த்திருக்கிறேன். பயிற்சிக் காலத்தில் எங்கள் மூத்த தொழில்நுட்பவியலாளர் ஒரு ரியூப்பைச் சுழலியிலிருந்து எடுத்து, யன்னல் வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடித்துக் காட்டினார். பக்கத்திலே இன்னொரு ரியூப்பில் வெறும் தண்ணீர். ஊசி பட்டு வந்த இரத்தம் என்றால் சுழற்றியபின் மேல் நீர் தெளிந்துவிடும். உள்ளே முன்பே கசிந்த இரத்தம் என்றால் செங்கலங்கள் உடைந்து, பிலிருபின் உண்டாகி, நீர் வைக்கோல் நிறத்தில் நிற்கும். அந்த மஞ்சள் வர ஏறக்குறைய பன்னிரண்டு மணித்தியாலம் வேண்டும். அந்த மஞ்சள் எனக்கு இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. மூளையைச் சுற்றிக் கசிந்ததன் தடயத்தைக் கைநரம்பு இரத்தத்தில் தேடக்கூடாது என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரியாமல் செய்த பிழை என்று நான் சொல்லமுடியாது.

அப்படி இருந்தும் நான் செய்தது இதுதான். பிரஷர் பார்த்தேன், 170க்கு 100. கையில் பட்டியைக் கட்டி, ஊதா மூடி ரியூப்பிலும் சிவப்பு மூடி ரியூப்பிலும் இரத்தம் எடுத்தேன். ஊரில் டெங்கு இருந்தது, தலையிடி என்றால் டெங்கு என்று ஓடுகிற புத்தி. ஜெனரேற்றரைப் போட்டு மெஷினை ஓட்டினேன். ஹீமோகுளோபின் 12.1. இரத்தத் தட்டுக்கள் 2,64,000. சீ.ஆர்.பீ. ஆறுக்குக் கீழே. டெங்கு இல்லை. வெள்ளணுக்கள் 11,400, கொஞ்சம் கூட. சத்தி எடுத்ததால் ஏறியிருக்கும் என்று அதற்கு நானே காரணம் கொடுத்தேன். தாளின் குறுக்கே பேனையால் ‘நோர்மல்’ என்று எழுதி, கீழே கோடு இழுத்தேன். அக்காவுக்கு எழுதித் தர வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் எழுதினேன்.

“ஸ்கான் ஒண்டு எடுத்துப் பாப்பமோ தம்பி?”

கேட்டார். நானாக யோசிக்கவில்லை என்றால் அது ஒரு பிழை. நோயாளி தானே வாய்விட்டுக் கேட்ட பிறகும் மறுத்தது வேறொரு பிழை. எனக்குக் கோபம்கூட வந்தது. “இரத்தத்தில ஒண்டும் இல்லை எண்டு காட்டுறன், பிறகென்ன ஸ்கான்? வெயிலும் பிரஷரும்தான். பனடோல் போட்டிட்டுப் படுங்கோ.” அக்கா சரியென்று படுத்தார். அவருக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

பெற்றோல் இல்லை என்றும் சொன்னேன். ஆட்டோவில் அரைத் தாங்கி பெற்றோல் இருந்தது. நிலாவெளியில் வீடுவீடாகப் போய் இரத்தம் எடுப்பதற்கென்று வைத்திருந்தேன். ஆஸ்பத்திரி ஐந்தாறு கிலோமீட்டர் தூரம்.

மூன்றாம் நாள் பின்னேரம் சோறு கொண்டுபோனேன். தலையிடி குறைந்திருந்தது, பிடரி இறுக்கம் மட்டும் இருந்தது. “இடக் கண்மடல் பாரமாக் கிடக்கு. பாக்கிறதெல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது” என்றார். ஃபோன் ரோச்சை அடித்துப் பார்த்தேன். இமை பாதிக் கண்ணை மூடியிருந்தது. இடக்கண் மணி வலக்கண் மணியைவிடப் பெரிதாக இருந்தது. வெளிச்சம் பட்டும் சுருங்கவில்லை. பார்த்தேன். தெளிவாகப் பார்த்தேன். “நித்திரை இல்லாததால” என்று சொல்லிவிட்டு ரோச்சை நிறுத்தினேன். அந்த நேரத்தில் எனக்கு உள்ளே ஒரு குளிர் ஓடியது. ஓடியும், இரண்டு நாளுக்கு முன் கோடிழுத்து எழுதிய சொல்லை நானே வெட்டவேண்டி வரும் என்பதுதான் முன்னுக்கு வந்து நின்றது. விடியட்டும் பார்க்கலாம் என்று வந்துவிட்டேன். விடிந்தது, சம்பிள்கள் வந்தன, வேலையில் விழுந்தேன். நான்காம் நாள் முழுக்க அவர் முகத்தைப் பார்க்கப் போகவில்லை.

மூளையின் அடிப்புறத்தில் ஓடுகிற நாடி ஒன்றின் கிளைவிடும் இடத்தில் சுவர் மெலிந்து, கொப்புளம் மாதிரி வெளியே தள்ளியிருந்தது. இதைத்தான் அனியூரிசம் என்கிறார்கள். கண்ணை அசைக்கிற மூன்றாம் நரம்பு அந்த இடத்தை ஒட்டிப் போகிறது. கொப்புளம் வீங்கி நரம்பை அழுத்தினால் இமை விழும், மணி விரியும். வெடிப்பதற்கு முதல் அது தரக்கூடிய ஆகக் கடைசி அறிவித்தல் அது. கிணற்றடியில் வந்தது சிறு கசிவு.

ஐந்தாம் நாள் விடியப்புறம் ஏதோ விழுந்த சத்தம் கேட்டு ஓடினேன். குசினி வாசலில் கிடந்தார், வாயில் நுரை. 1990க்கு அடித்தேன். அம்புலன்ஸ் வந்தது. இதைத்தான் அக்கா ‘காப்பாத்தினவன்’ என்கிறார்.

ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் கேட்டார்: “முந்தி இப்பிடித் தலையிடி வந்ததா?”

“இல்லை” என்றேன்.

இது எல்லாவற்றையும்விடக் கேவலமானது. அதுவரை செய்தது அகம்பாவம் என்று வைத்துக்கொள்ளலாம். இது பயம், என்னைப் பற்றிய பயம் மட்டும். அந்தக் கேள்வி சும்மா கேட்கிற கேள்வி இல்லை. கசிந்த நாளிலிருந்து எண்ணித்தான் அடுத்த ஆபத்துக்குக் காத்திருப்பார்கள். கசிந்த இரத்தம் பட்டு மூளை நாடிகள் தாமே சுருங்கத் தொடங்கும், நாலாம் நாளிலிருந்து பதினாலாம் நாள் வரை. அதனால் மூளைக்கு இரத்தம் குறைந்து வருகிற கேட்டைத் தடுக்கத்தான் நிமோடிபின் குளிசையை நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கா, 21 நாட்களுக்குக் கொடுக்கிறார்கள். நான் சொன்ன ஒரு சொல்லால் அக்காவின் ஐந்தாம் நாள் முதலாம் நாளாகப் பதிவானது.

ஸ்கான் எடுத்து, மூளைச் சத்திரசிகிச்சை செய்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். கந்தளாய் தாண்டும்போது என்னால் தாங்கமுடியவில்லை. கூட வந்த தாதியிடம், நாலு நாளுக்கு முன் ஒரு தலையிடி வந்ததென்று சொன்னேன். அவர் ஒன்றும் கேட்காமல் கடிதத்தின் ஓரத்தில் எழுதினார். இமையைப் பற்றிச் சொல்லவில்லை. அக்கா ஸ்கான் கேட்டதைச் சொல்லவில்லை. ‘நோர்மல்’ தாளைச் சொல்லவில்லை.

மண்டையைத் திறந்து கொப்புளத்தின் கழுத்தில் கிளிப் போட்டார்கள். அக்கா பிழைத்தார். ஒன்பதாம் நாள் நாடிகள் சுருங்கின. வலக் கை பலமிழந்தது, சொற்கள் தொலைந்தன. அந்த வார்ட்டில்தான் என் தொழில் உண்மையில் எதற்குப் பயன்படும் என்று பார்த்தேன். இந்த நோயில் உடம்பு உப்பை இழக்கும். சோடியம் 138இலிருந்து இறங்கி இறங்கி 126க்கு வந்தது. காலையும் மாலையும் இரத்தம் எடுத்து, அந்த இலக்கத்தைப் பார்த்து மருந்து ஏற்றினார்கள். தெரிந்த கேள்விக்குத் தெரிந்த விடையை இரத்தம் சொன்னது. அந்த ஆய்வுகூடத்தில் ஆரோ ஒரு பெண் இலக்கத்தை மட்டும் அனுப்பினாள். பக்கத்தில் ஒரு சொல்லும் எழுதவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு இரவிரவாக வாசித்தேன். எனக்கு ஒரு சமாதானம் தேவைப்பட்டது. நான் தேடிய இடத்தில் விடை இருந்திருக்குமா, இன்னும் நல்ல சோதனை கையில் இருந்திருந்தால் அன்றைக்கே பிடித்திருப்பேனா என்று. ஆராய்ச்சி நிறைய நடக்கிறது என்பது உண்மைதான். கொப்புளத்தின் சுவரில் ஒரு மெல்லிய அழற்சி புகைந்துகொண்டே இருக்கிறது. மக்ரோபேஜ் கலங்கள் உள்ளே புகுந்து, எம்.எம்.பீ-9 போன்ற நொதியங்களைச் சுரக்கின்றன. சுவரைத் தாங்குகிற கொலாஜனையும் எலாஸ்ரினையும் அவை அரிக்கின்றன. ஆகவே இரத்தத்தில் எம்.எம்.பீ-9ஐத் தேடுகிறார்கள், இன்ரலூக்கின்-6ஐத் தேடுகிறார்கள். அமெரிக்காவில் பஃபலோ நகரத்து ஆய்வாளர்கள் வெடிக்காத கொப்புளம் உள்ளவர்களின் நியூட்ரோபில் கலங்களில் ஆர்.என்.ஏ. மாறியிருப்பதைக் கண்டு 2018இல் எழுதினார்கள். நியூட்ரோபில்! அன்றைக்கு என் மெஷினில் 11,400 ஆக ஏறி நின்ற கூட்டத்தில் அநேகம் அவைதான்.

வாசிக்க வாசிக்க எனக்குச் சமாதானம் கிடைக்கவில்லை. அந்தக் கொப்புளம் எட்டு மில்லிமீற்றர். அதன் சுவரிலிருந்து கசிகிற பொருள் ஐந்து லீற்றர் இரத்தத்தில் கரைகிறது. அதே பொருட்கள் காய்ச்சலுக்கும் ஏறும், முரசு வீக்கத்துக்கும் ஏறும், புகைப்பவனுக்கும் ஏறும். வெடித்தவர்களின் இரத்தத்தை எடுத்துப் பார்த்தால் எல்லாம் உயர்ந்துதான் இருக்கிறது. ஆனால் அது வெடிக்கப்போவதன் அறிகுறியா, வெடித்ததால் மூளை பட்ட காயத்தின் விளைவா என்று பிரிக்கமுடியவில்லை. நான் தலையில் வைத்து ஆடிய ட்ரோபொனின்கூட இதில் ஆளை ஏமாற்றும். மூளையில் இரத்தம் கசிந்த அதிர்ச்சியில் இதயம் பாதிக்கப்பட்டு ட்ரோபொனின் ஏறலாம், ஈ.சீ.ஜீ.யும் மாறலாம். மாரடைப்பு என்று நினைத்து இரத்தத்தை இளக்குகிற மருந்தைக் கொடுத்தால் என்ன ஆகும்? அக்காவுக்கு அன்றைக்கு நான் ட்ரோபொனின் செய்து, அது ஏறியிருந்தால், அந்த மீனவரின் கதையை நினைத்துக்கொண்டு அஸ்பிரின் கொடுத்திருப்பேன். கொடுத்தே இருப்பேன்.

கணக்கும் போட்டுப் பார்த்தேன். வளர்ந்தவர்களில் நூற்றுக்கு மூன்று பேர் அளவில் இப்படி ஒரு கொப்புளத்தோடு திரிகிறார்கள்; அநேகம் பேருக்குக் கடைசிவரை ஒன்றும் நடப்பதில்லை. கொப்புளம் உள்ளவர்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒருவரை ஒட்டித்தான் வெடிக்கிறது. கொப்புளம் உள்ள ஆயிரம் பேரை எடுத்தால் பத்துப் பேர். நூற்றுக்குத் தொண்ணூறு சரியாகச் சொல்கிற சோதனை ஒன்று நாளைக்கே வந்தாலும், அந்தப் பத்தில் ஒன்பதைப் பிடிக்கும். கூடவே வெடிக்காத 99 பேரையும் வெடிக்கும் என்று சொல்லும். அத்தனை பேரின் மண்டையையும் திறப்பதா? ஆறு தரவுகளைக் கூட்டிப் போடுகிற ஃபேசஸ் என்ற கணிப்பு 2014இல் வந்தது: எந்த நாட்டு மக்கள், பிரஷர், வயது, கொப்புளத்தின் அளவு, முன்பு கசிந்ததா, எந்த நாடியில். இரத்தச் சோதனை ஒன்றுகூட அதில் இல்லை.

பிறகு என் கையில் அகப்பட்டது கனடாவின் ஒட்டாவா விதி, 2013இல் வந்தது. திடீர்க் கடும் தலையிடியோடு வருகிறவரிடம் ஆறு விடயம் பார்க்கச் சொல்கிறது. நாற்பது வயதா அல்லது அதற்கு மேலா? பிடரி நோவா இறுக்கமா? மயங்கி விழுந்ததை ஆராவது கண்டார்களா? பாரமான வேலை செய்யும்போது வந்ததா? இடி விழுந்தது போல ஒரே கணத்தில் உச்சத்துக்குப் போனதா? கழுத்தை முன்னுக்கு வளைக்க முடியவில்லையா? ஒன்றுக்கு ஓம் என்றால் போதும், மேலே சோதிக்கவேண்டும். அக்காவுக்கு அன்று 52 வயது. கிணற்றுக் கட்டில் குந்தியிருந்த அந்த நிமிடத்திலேயே நாலுக்கு ஓம். ஊசி தேவையில்லை, மெஷின் தேவையில்லை, ஜெனரேற்றர் தேவையில்லை. அவர் சொன்னதைக் கேட்டிருந்தால் போதும். அவர் வாயாலே எல்லாம் சொல்லிவிட்டார். அவர் சொன்னதை நான் அவருடைய இரத்தத்தை வைத்து மறுத்தேன்.

இப்போது தலையிடி என்று ஆராவது வந்து “எல்லாத்தையும் ஒருக்கா பாருங்கோ” என்றால், பட்டியைக் கட்டுவதற்கு முன் எப்போது வந்தது, எப்படி வந்தது என்று கேட்கிறேன். சந்தேகம் வந்தால் இரத்தம் எடுப்பதில்லை. நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ என்கிறேன். போன வருடம் அப்படி அனுப்பிய ஒருவருக்கு ஸ்கானில் ஒன்றும் இல்லை. அடுத்த நாள் கூடத்துக்கு வந்து, அரை நாள் கூலி போனதென்று எல்லோருக்கும் முன்னால் ஏசினார். கேட்டுக்கொண்டு நின்றேன். அக்கா பட்டதை இது ஈடுசெய்யும் என்று நான் நினைக்கவில்லை.

‘நோர்மல்’ தாள் என்னிடம் இருக்கிறது. அன்றைக்கே எரித்திருக்கலாம், இலாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன். பேனை அழுத்தி எழுதியதில் தாள் மறுபக்கம் புடைத்து நிற்கிறது, விரலால் தடவினால் எழுத்துத் தெரியும்.

அக்காவுக்குச் சொற்கள் திரும்புவதற்கு வாசிப்பு நல்லதென்று பயிற்சி கொடுக்கிறவர்கள் சொல்லியிருக்கிறார்கள். காலையில் விறாந்தைக் கதிரையில் இருந்து, இடக் கையின் சுட்டுவிரலை ஒவ்வொரு சொல்லுக்குக் கீழும் வைத்து, சத்தம் போட்டு வாசிப்பார். தெரியாத சொல் வந்தால் என்னைப் பார்ப்பார், நான் எடுத்துக்கொடுப்பேன். ஒரு பக்கத்துக்கு அரை மணித்தியாலம் எடுக்கும். இதையும் அவர் அப்படித்தான் வாசிக்கப் போகிறார். மருமகளை வாசித்துக் காட்டச் சொல்லலாம் என்று முதலில் நினைத்தேன். வேண்டாம். தாளையும் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துவிட்டு, கீழே படியில் இருப்பேன்.